இரண்டு வகைத் தோட்டா

எனக்கு நாற்பத்தோரு வயது நடக்கும்போது கைக்கு ஒரு ரைபிள் வந்தது. அதற்கு முன்னால் நான் சுட்டது அப்பளம் மட்டும்தான். அதையும் பாதி கருக்கிவிடுவேன் என்பது என் மனைவி தபிதாளின் சாட்சியம்.

அப்போது நான் திருத்தணியில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பெயர் சத்தியநாதன். அரக்கோணத்தில் ரயில்வே எஞ்சினியராக இருந்த ஒரு வெள்ளைக்காரருக்கு மூன்று வருஷம், சனிக்கிழமைதோறும் ரயிலேறிப் போய்த் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். யுத்தம் முடிந்து நாற்பத்தாறாம் வருஷம் அவர் சீமைக்குக் கப்பல் ஏறினார். கடைசிவரைக்கும் தமக்கு ழகரம் வராத வருத்தமோ என்னவோ, தம் வேட்டை ரைபிளை எனக்கே கொடுத்துவிட்டுப் போனார். திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்ததால், லைசென்ஸுக்காகச் சித்தூர் கலெக்டர் ஆபீஸுக்கு நாலு நடை நடந்தேன். வருஷத்துக்கு ஐம்பது தோட்டா வாங்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

வேறு யாராக இருந்தாலும் அந்த வாரமே பத்துத் தோட்டா வாங்கிச் சுட்டுப் பழகியிருப்பார்கள். நான் படிக்க ஆரம்பித்தேன். ரைபிளோடு எஞ்சினியர் ஒரு தோட்டாக் கம்பெனியின் விலைப்பட்டியலையும் தந்திருந்தார். எந்தக் குண்டு எத்தனை கிரெயின் எடை, விநாடிக்கு எத்தனை அடி பாயும், முந்நூறு கெஜம் போவதற்குள் எத்தனை அங்குலம் தாழும் என்று அதில் கட்டம் கட்டமாகப் போட்டிருந்தது. பைபிளைக்கூட நான் இத்தனை கவனமாக வாசித்ததில்லை என்றாள் தபிதாள். மறுக்க வழியில்லை.

என் ரைபிளுக்கு இரண்டு வகைத் தோட்டா உண்டு. ஒன்றில் குண்டு எடை குறைந்தது. அதன் மூக்கில் ஈயம் வெளியே தெரியும். உடம்பில் பட்டதும் அந்த ஈயம் விரிந்து, மிருகத்தை நின்ற இடத்திலேயே சாய்த்துவிடும். இன்னொன்று எடை கூடியது. மூக்குவரைக்கும் உலோக உறை போர்த்தியிருக்கும். அது விரியாது. கோணி ஊசி மாதிரி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடும். இவ்வளவுதான் சங்கதி. இதை நான் ஆசிரியர்கள் அறையில் இரண்டு மாதம் விளக்கினேன். டிராயிங் மாஸ்டர் தம் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குக் குடிபெயர்ந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். மிஞ்சியவர் பியூன் துளசிங்கம் ஒருவர்தான். அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துப்போக வேண்டியவர் என்பதால் அவரால் போக முடியவில்லை.

ஆனால் துளசிங்கம் காரியமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. அவருடைய அக்கா பாஞ்சாலிக்குப் பள்ளிப்பட்டுப் பக்கத்தில் மலையடிவாரத்தில் மூன்று ஏக்கர் வேர்க்கடலை இருந்தது. புருஷன் பட்டணத்தில் மில் வேலை. அந்தம்மாள் தனியாகப் பயிர் வைத்துக்கொண்டிருந்தாள். விடியற்காலையில் மலையிலிருந்து மான்கள் இறங்கிச் செடியை மேய்கின்றன, மிச்சத்தை நரி பறித்துத் தின்றுவிடுகிறது, கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்து ரெண்டு வேட்டு போட்டால் புண்ணியமாக இருக்கும் என்றார் துளசிங்கம். நான் உடனே சம்மதித்தேன். சம்மதித்த கையோடு அவரிடம் கேட்டது, நிலம் எவ்வளவு தூரத்துக்கு மறைப்பில்லாமல் தெரியும் என்பது. பக்கத்தில் போய்ச் சுடுவதை யாரும் செய்வார்கள் என்பது அப்போது என் எண்ணம். நான் முந்நூறு கெஜத்தைத்தான் மனசில் வைத்திருந்தேன்.

தோட்டா வாங்கச் சென்னைக்குப் போனேன். கடைக்காரர் வயதானவர், சிக்கனமாகப் பேசுகிறவர். மானும் நரியும்தான் சுடப்போகிறேன் என்று நான் சொன்னதும், ஈய மூக்குத் தோட்டாப் பெட்டியை எடுத்து வைத்தார். நான் விடவில்லை. நரிக்கு இது சரி, ஆனால் மானுக்கு உறை போட்ட குண்டல்லவா நல்லது, தோலில் பென்சில் பருமனுக்குத்தானே ஓட்டை விழும் என்று விலைப்பட்டியல் பக்க எண்ணோடு சொன்னேன். எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் எந்த இடத்தில் மான்தோல் தொங்கப்போகிறது என்பதுவரை நான் தீர்மானித்திருந்தேன்.

“ரெண்டுக்கும் இதுவே போதும் சார்” என்றார் அவர். “எது வாங்கினாலும் ஒரே வகையா வாங்கிக்கங்க. அதையே சுட்டுப் பழகுங்க. மாத்தாதீங்க.”

கடையில் உட்கார்ந்து விற்கிறவருக்கு வேட்டையைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். எனக்கு மட்டும் என்ன தெரியும் என்று நினைக்கத் தோன்றவில்லை. ஈய மூக்கில் முப்பதும் உறை போட்டதில் இருபதும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மலைக்குப் பின்புறம் கல்லுடைத்துக் கைவிட்ட பள்ளம் ஒன்றில் ரைபிளைச் சரிபார்த்தேன். ஈய மூக்கில் ஆறு சுட்டேன். நாலாவதிலிருந்து, நூறு கெஜத்தில் பாறையில் பூசியிருந்த சுண்ணாம்பு வட்டத்துக்குள் விழுந்தது. எனக்கே ஆச்சரியம். உறை போட்டதிலும் ஆறு சுட்டிருக்க வேண்டும். ஐம்பதில் பன்னிரண்டை வெறும் பாறைக்குக் கொடுக்க மனம் வரவில்லை. அந்தக் குண்டு எங்கே போகும் என்பதை வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தேன். இரண்டு முறை போட்டேன், இரண்டு முறையும் ஒரே விடை வந்தது. விடை ஒன்றாக வந்தால் கணக்கு சரி என்று பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்ததில்லை. எனக்கு மட்டும் சொல்லிக்கொண்டேன்.

லீவு விட்டதும் துளசிங்கமும் நானும் பள்ளிப்பட்டுக்கு, பெட்ரோலுக்குப் பதிலாகக் கரியை எரித்து ஓடும் கரிவாயு பஸ்ஸில் புறப்பட்டோம். அன்று கிருத்திகை. காவடி எடுத்துவிட்டு ஊர் திரும்புகிற கூட்டத்தில், சால்வையில் சுற்றிய ரைபிளை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த மொட்டை போட்ட பெரியவர் பிள்ளைக்கு உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்.

பாஞ்சாலிக்கு நாற்பது வயதிருக்கும். கவணில் கல் வைத்துச் சுழற்றிக் காக்கையை விரட்டியபடியே எங்களை வரவேற்றாள். மரியாதை குறையாமல் பேசினாள். அன்று சாயங்காலம் அவளுக்கும் இரண்டு வகைத் தோட்டாவையும் காட்டி விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, சுட்டால் சாகுமில்லையா என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். இடத்தைப் பொறுத்தது, தூரத்தைப் பொறுத்தது என்று மறுபடி ஆரம்பித்தேன். அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

முதல் நாள் விடிந்ததும் வரப்பு ஓரத்தில் நரி வந்தது. எண்பது கெஜம்கூட இருக்காது. ரைபிளில் ஏற்றியிருந்ததோ மானுக்கான தோட்டா. நரிக்கு ஈய மூக்கு என்பது என் முடிவு. ஏற்றியிருந்ததை வெளியே எடுத்து வலது பையில் போட்டு, இடது பையில் கைவிட்டேன். அங்கே வந்ததும் உறை போட்டதாகவே இருந்தது. ராத்திரி குளிருக்குக் கோட்டை முன்பின்னாகத் திருப்பி மாட்டியதில் பைகள் இடம் மாறியிருந்தன என்பது அப்போதுதான் புரிந்தது. சரியான தோட்டாவை ஏற்றி நிமிர்ந்தபோது வரப்பு மட்டும் இருந்தது.

“நரி போயிடுச்சுங்க வாத்தியாரே” என்றாள் பாஞ்சாலி. கேலி எதுவும் இல்லை. எனக்குத் தெரியாமல் போய்விடுமோ என்று தகவல் சொன்னாள்.

இரண்டாம் நாள் காலை மான் வந்தது. நிலத்துக்கு அப்பால், மேய்ச்சல் தரிசைத் தாண்டி, மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் ஐந்தாறு புள்ளிமான்கள் நின்றன. முன்னால் ஒரு கொம்பு மான், பக்கவாட்டில் நின்றது. கொஞ்சம் பொறுத்தால் கடலைக்கே வரும் என்று துளசிங்கம் என் காதில் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. முந்நூறு கெஜம் என்று கண்ணாலேயே அளந்தேன். உறை போட்ட தோட்டாதான் உள்ளே இருந்தது. குழல்மேல் இருந்த குறி பார்க்கும் தகட்டை முந்நூறு கெஜத்துக்கு நிமிர்த்தி, கணக்குப்படி கொஞ்சம் மேலே வைத்துச் சுட்டேன்.

மற்ற மான்கள் ஒரே பாய்ச்சலில் மறைந்தன. கொம்பு மான் உட்கார்ந்தது, எழுந்தது, மூன்று காலில் மலைப்பக்கம் போயிற்று. முன்னங்கால் ஒன்று முழங்காலுக்குக் கீழே வேறு எதையோ கட்டித் தொங்கவிட்டது மாதிரி ஆடியது. அதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

நான் செய்த முதல் காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பையிலிருந்து கணக்குக் காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். பாஞ்சாலி அதற்குள் தரிசில் பாதி தூரம் நடந்துவிட்டாள். துளசிங்கம் என் தோளைத் தொட்டு, போகலாம் சார், அடிபட்டதை விட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு வரமாட்டாள் என்றார்.

மான் நின்ற இடம்வரைக்கும் காலடிக்கு ஒரு கெஜமாக எட்டி வைத்து எண்ணிக்கொண்டே நடந்தேன். முந்நூற்று எழுபது. பழகாத குண்டு, தப்பான தூரம். இரண்டும் சேர்ந்து முழுதாக இரண்டடி தாழ்ந்திருக்கிறது. விலைப்பட்டியலில் பிழையில்லை.

அதற்குப் பிறகு ஐந்து மணி நேரம். ரத்தம் முதலில் கைப்பிடியளவு கிடந்தது, பிறகு பொட்டுப் பொட்டாக, பிறகு கல்லுக்கு ஒரு சொட்டு. சூரைமுள் என் வேட்டியைக் கிழித்தது. பாஞ்சாலி குனிந்தபடி முன்னால் போய்க்கொண்டே இருந்தாள். இலையைத் திருப்பிப் பார்ப்பாள், அடையாளத்துக்கு ஒரு கல் வைப்பாள், நகர்வாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். இரண்டு தடவை மான் எங்கள் சத்தம் கேட்டு எழுந்து ஓடியது. இரண்டு தடவையும் ரைபிளை உயர்த்தினேன், புதர்தான் தெரிந்தது. நடுப்பகலில் துளசிங்கத்தின் செருப்பு அறுந்தது. அவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்.

ஓடை மடுவுக்குப் பக்கத்தில், காரைச்செடிக்கு அடியில் படுத்திருந்தது. பத்தடி தூரம். எழப் பார்த்தது, முடியவில்லை. தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தது. நான் ரைபிளைத் திறந்தேன். காலையில் சுட்ட வெற்றுத் தோட்டா இன்னும் உள்ளேயே இருந்தது. அதை எடுத்துவிட்டுப் பையில் கைவிட்டேன். அங்கேயும், நம்பினால் நம்புங்கள், கை இரண்டு பைக்கும் போய்ப் போய் வந்தது. ஈய மூக்கைப் போட்டால் இத்தனை கிட்டத்தில் தோல் நாசமாகிவிடுமே என்று மூளையின் ஏதோ மூலையில் ஒருவன் உட்கார்ந்து இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

“எதுனா ஒண்ணு போடு வாத்தியாரே” என்றாள் பாஞ்சாலி. “அது பாத்துகினே கீது.”

அதுவரை ‘ங்க’ போடாமல் அவள் என்னிடம் பேசியதில்லை.

கையில் வந்ததைப் போட்டுச் சுட்டேன். ஈய மூக்குத்தான். தலை சாய்ந்தது, அவ்வளவுதான். விலாவில் என் முஷ்டி நுழைகிற ஓட்டை. முன்னறைச் சுவருக்காக நான் காப்பாற்ற நினைத்த தோல் அது. நான் ஓடைக்கல்லின்மேல் உட்கார்ந்தேன். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று துளசிங்கம் கேட்டார். குடித்தேன்.

கறியை அன்று மாலை நாலு வீட்டுக்குப் பங்கு போட்டார்கள். எனக்கும் ஒரு பங்கு வந்தது. தொட முடியவில்லை. பாஞ்சாலி எனக்கு மட்டும் கத்தரிக்காய் வதக்கிக் கொடுத்தாள். சாப்பிட்டு முடித்ததும், நாளைக்கு ஊருக்குத் திரும்பிவிடுகிறேன் என்றேன்.

“கடலை பிடுங்க இன்னும் பத்து நாள் ஆவும்” என்றாள் அவள். “அது வரைக்கும் இங்கயே இருங்க. ஆனா அந்த ஈச்ச மரம் தெரியுதில்ல, அதுக்கு அப்பால நிக்கிறத சுடாதீங்க.”

ஈச்ச மரம் நூற்றிருபது கெஜம். ஆகட்டும் என்றேன். மிச்சமிருந்த உறை போட்ட பத்தொன்பதையும் துணியில் முடிந்து துளசிங்கத்திடம் கொடுத்து, ஊருக்குப் போகும்வரை நான் கேட்டாலும் தரவேண்டாம் என்று சொன்னேன். மறுநாள் இடிந்த மண்சுவர் ஒன்றில் கரிக்கோடு போட்டு ஈய மூக்கில் ஐந்து சுட்டுப் பார்த்தேன். தபிதாளுக்கு, வர இன்னும் பத்து நாளாகும் என்று ஒரு கார்டு போட்டேன். எதையாவது சுட்டீர்களா என்று அவள் பதில் கார்டில் கேட்டிருந்தாள். நேரில் சொல்கிறேன் என்று எழுதினேன்.

அந்தப் பத்து நாளில் நரி இரண்டை வீழ்த்தினேன். இரண்டும் ஈச்ச மரத்துக்கு இப்பால், இரண்டும் அசையாமல் விழுந்தன. மூன்று தடவை தவறவிட்டேன். மான் கதை வேறு. தினமும் விடியற்காலையில் தரிசின் மறுகோடியில் வந்து நிற்கும். நான் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, ரைபிளோடு வரப்பை ஒட்டித் தவழ்ந்து கிட்டே போவேன். பனியில் எனக்கு நெஞ்சில் சளி கட்டியிருந்தது. இருநூறு கெஜத்துக்குள் போவதற்கு முன்பே அடக்கிவைத்த இருமல் வெடிக்கும். மான்கள் திரும்பிப் பார்க்காமல் மலையேறிவிடும்.

ஐந்தாம் நாள் நான் முழங்கால் மண்ணோடு திரும்பி வந்து, மறுபடியும் ஓடிவிட்டது என்று வருத்தத்தோடு சொன்னேன். பாஞ்சாலி செடிகளின் நடுவே நடந்துபோய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தாள். மேய்ந்த தடயமே இல்லை என்றாள். நாளைக்கும் அப்படியே போகச் சொன்னாள்.

போனேன். பத்தாம் நாள் கடலை பிடுங்கினார்கள். நானும் ஒரு வரிசை பிடுங்கினேன்.