பதில் கிடைத்தவள்

டொக் பொட்டலம் கைக்கு வந்தபோது இன்னும் சூடாகத்தான் இருந்தது. சிவப்புப் பயறு தூவி அவித்த அரிசிமாவுக் கட்டி. கல்யாணம், புதுவீடு, பிள்ளைக்கு வேலை என்று யார் வீட்டில் நல்லது நடந்தாலும் ஞாயிறு காலை ஆராதனை முடிந்ததும் சபை முழுக்கப் பங்கிடுவார்கள். இன்று யார் வீட்டு விசேஷம் என்று கேட்காமலேயே இன்சுக் பொட்டலத்தைப் பிரித்து ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டாள். பிறகுதான் மேலே ஒட்டியிருந்த சின்னக் காகிதம் கண்ணில் பட்டது. ‘என் மகன் டேசிக்குக்குச் சிறுநீரகம் கொடுக்க மருமகளின் மனதில் பேசிய ஆண்டவருக்கு நன்றி.’ கீழே மாமியார் பெயர். வாயில் போட்டது உள்ளே இறங்கவும் இல்லை, வெளியே வரவும் இல்லை.

கொடுக்கிறேன் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. கொழுந்தன் டேசிக்குக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரத்தில் பாதி நாள் ரத்தம் சுத்திகரிக்கும் மெஷினோடு கிடக்கிறான். மாமியாருக்கு வயதாகிவிட்டது. புருஷன் மான்சுவுக்குச் சர்க்கரை. வேறு வழியில்லாமல் இவளையும் சோதித்துப் பார்த்தார்கள், பொருந்திவிட்டது. நாளைக் காலை ஆஸ்பத்திரியில் கடைசி நேர்காணல். ‘ஜெபம் பண்ணிப் பாக்கறேன்’ என்றுதான் சொல்லியிருந்தாள். அந்தச் சபையில் அப்படிச் சொன்னால் முக்கால்வாசி சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள் என்பது, பதினாறு வருஷம் மருமகளாக இருந்தும் அவள் புத்திக்கு எட்டாமல் போய்விட்டது.

கொரியாவின் குன்சான் துறைமுகச் சாலையில், டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது அவர்கள் சபை. அங்கே ஆண்டவர் எல்லோரிடமும் பேசுவார். வீடு மாற்றலாமா, பிள்ளையை எந்தக் கல்லூரியில் போடலாம், எல்லாவற்றுக்கும் பதில் வரும். மாமியாரிடமோ சொல்லவே வேண்டாம், கிம்ச்சி ஊறுகாய் போடுவதற்கு எந்த நாள் முட்டைக்கோஸ் வாங்க வேண்டும் என்பது வரைக்கும் பேசுவார். ஒரு பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வேலை பார்த்து, விடியற்காலை ஜெபத்துக்கு ஒருநாள் தவறாமல் வரும் இன்சுக்கிடம் மட்டும் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. கண்ணை மூடினால் ஹீட்டர் சத்தம் கேட்கும், பின்வரிசைக் கிழவரின் இருமல் கேட்கும். தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று அவள் நினைத்திருந்தாள். இதை வெளியே சொல்லவும் வெட்கம்.

சாப்பாட்டுக் கூடத்துக்குள் கால் வைத்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

“எவ்ளோ பெரிய மனசும்மா உனக்கு!”

“எப்படிக் கேட்டுச்சு, சொல்லேன். காதுலயா, மனசுக்குள்ளயா?”

“எங்காதுல எம் மாமியார் சத்தம்தான் கேக்குது. ஆண்டவர் வந்தாலும் க்யூவுலதான் நிக்கணும்!” என்றாள் சூப் ஊற்றிக்கொண்டிருந்த கிம் அக்கா. கூடமே சிரித்தது. இன்சுக்கும் சிரித்துவைத்தாள். கடைசி மேசையில் மான்சு தலையைக் குனிந்தபடி சோற்றை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். ‘நீயே பாத்து முடிவு பண்ணு’ என்று ஒரு மாதத்துக்கு முன்னால் சொன்னவன்தான், அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. நல்ல மனுஷன் என்று ஊரில் பெயர். முழுப் பாரத்தையும் அவள் தலையில் இறக்கிவைத்துவிட்டு நல்லவனாக இருப்பதில் என்ன கஷ்டம் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாமியார் சமையல் மேடைக்கு அந்தப் பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இன்சுக் பக்கத்தில் போய், குரலைத் தாழ்த்தி, “அத்தை, நான் எப்ப சரின்னு சொன்னேன்?” என்றாள்.

“என்ன கேள்வி இது யேரின் அம்மா?” பேத்தி பெயரைச் சொல்லித்தான் மாமியார் அவளைக் கூப்பிடுவாள். “வியாழக்கிழமை விடியக்காலை ஒம் பக்கத்துல யாரு இருந்தா? நான்தானே? தேம்பித் தேம்பி அழுதியே. பதில் கெடைச்சுதான்னு கேட்டேன். தலைய ஆட்டினே.”

“பயத்துல அழுதேன் அத்தை. நீங்க என்ன கேட்டீங்கன்னே எனக்கு வெளங்கல.”

“பயம் பிசாசு குடுக்கறது. கண்ணீரு ஆண்டவர் குடுக்கறது. இத்தன வருஷமா வந்துக்கிட்டிருக்கே, இதுகூடத் தெரியலயா? மத்தியானக் கூட்டத்துல நீ மேடையேறிச் சாட்சி சொல்றதா பாஸ்டர்கிட்ட சொல்லியாச்சு.”

“என்னைக் கேக்காமலா?”

மாமியார் தேய்த்த கிண்ணத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள். பிறகு, பக்கத்தில் யாருக்கும் கேட்காமல், “எம் புள்ள செத்துருவான்டி” என்றாள். இன்சுக்குக்குக் கோபம் இருந்த இடத்தில் வேறு என்னவோ வந்து அடைத்தது. படியிறங்கி வெளியே வந்துவிட்டாள்.

நவம்பர் காற்று உப்பு வாடையோடு முகத்தில் அறைந்தது. ஞாயிறு என்பதால் டயர் கடை சாத்திக் கிடந்தது. அதன் முன்னால் நின்ற சபை வேனில், கதவைத் திறந்துபோட்டு, டேசிக் உட்கார்ந்திருந்தான். பயறு அவனுக்கு ஆகாது. பொட்டலத்தைத் தொடையில் வைத்துக்கொண்டு, பல்குத்தும் குச்சியால் ஒவ்வொரு பயறாகச் சுரண்டி ஒதுக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவனுடைய குடுவை. நிறையத் தண்ணீர் குடித்தால் நுரையீரலில் சேர்ந்துவிடும் என்று டாக்டர் கண்டித்ததிலிருந்து, வாற்கோதுமைத் தண்ணீரைச் சின்னச் சின்னக் கட்டிகளாக உறையவைத்து இன்சுக்தான் வாராவாரம் நிரப்பிக் கொடுப்பாள். தாகம் தாங்காதபோது ஒரு கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொள்வான்.

அவளைக் கண்டதும் எழப் போனான். “சத்தியமா எனக்குத் தெரியாது அண்ணி. நானும் இந்தக் காகிதத்தப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.”

“உக்காருங்க தம்பி.” அவளும் வேனின் படிமேல் உட்கார்ந்தாள். “ஒரு தடவகூட நீங்க எங்கிட்ட கேக்கலயே, ஏன்?”

“எப்படிக் கேக்கறது? பக்கத்து வீட்டுல கொஞ்சம் உப்பு குடுங்கன்னு கேக்கற மாதிரியா?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது. “உங்களுக்காவது ஆண்டவர் குரல் கேக்குதா?”

டேசிக் குச்சியைக் கீழே வைத்தான். “மெஷின்ல படுத்திருக்கறப்ப கேட்டுப் பாப்பேன். மெஷின் சத்தம்தான் கேக்கும். இதுல, ஞாயித்துக்கிழமையானா சின்னப் புள்ளைங்களுக்கு ஆண்டவர் பேசுவார்னு பாடம் எடுக்கறேன். வெக்கக்கேடு.”

“நான் வேணாம்னு சொல்லிட்டா?”

அவன் சாலையைப் பார்த்தான். மீன் லாரி ஒன்று தண்ணீர் ஒழுக ஒழுகப் போயிற்று. “கஷ்டமாத்தான் இருக்கும். பொய் சொல்ல மாட்டேன். எனக்கு வாழணும்னு ஆசையா இருக்கு அண்ணி. ஆனா நீங்க அழுதுக்கிட்டே குடுத்தத வயித்துக்குள்ள வெச்சுக்கிட்டு நான் எப்படிப் படுத்துத் தூங்கறது?”

மாடியில் மணி அடித்தது. அவள் எழுந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து போன வாரம் பேசிய பெண்ணின் குரல் ஞாபகம் வந்தது. ‘திங்கக்கிழம தனியா ஒரு ரூம்ல வெச்சுத்தான் கேப்போம். வேணாம்னு சொன்னீங்கன்னா, உடம்பு ஒத்துக்கலன்னு மட்டும் வீட்டுல சொல்லிடுவோம். காரணம் வெளிய போகாது.’ அதைக் கேட்டபோது உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. அந்த நிம்மதிதான் ஆண்டவர் கொடுத்த பதிலா? அப்படியானால் தன் பயத்துக்கும் அவர் குரலுக்கும் என்ன வித்தியாசம்? மாமியார் குரலுக்கும் அவர் குரலுக்கும்தான் என்ன வித்தியாசம்? சின்ன வயதில் அப்பாவை வயிற்று ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். சாயந்திரம் அவர் சட்டையை ஒரு பையில் போட்டு அம்மாவிடம் கொடுத்தார்கள். அந்தப் பை இன்னும் அவள் கனவில் வரும்.

மத்தியானக் கூட்டம் வழக்கம்போல ஆரம்பித்தது. போதகர் கையை உயர்த்தி, “எல்லாரும் மூணு தடவை ஆண்டவரேன்னு கூப்பிட்டு, வாய்விட்டு ஜெபிப்போம்” என்றார். கூரை அதிர மூன்று முறை கூப்பிட்டார்கள். பிறகு அவரவர் கவலையை அவரவர் உரக்கச் சொல்லி மன்றாடினார்கள். அறுபது பேரின் குரல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியது. மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டு கதறினாள். அந்த இரைச்சலுக்கு நடுவில் இன்சுக் வாயைத் திறந்து திறந்து மூடினாள். தன் குரலே தனக்குக் கேட்கவில்லை. இதில் அவர் பேசினால்தான் எப்படிக் கேட்கும் என்று முதன்முறையாக அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் பயந்து சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“இன்சுக் சகோதரி! வாங்க. நீங்க பெற்ற பதிலச் சபைக்குச் சொல்லுங்க.”

கைதட்டல். எப்படி மேடைக்குப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. முன்வரிசையில் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது வரிசையில் டேசிக், தரையைப் பார்த்தபடி. ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லிவிட்டால் எல்லோருக்கும் சந்தோஷம். நாளைக்கு அந்தத் தனி அறையில் மாற்றிச் சொன்னாலும் ஒருவருக்கும் தெரியாது.

“எனக்கு எதுவும் கேக்கல” என்றாள்.

“ஆமென்!” என்றார் பின்வரிசைக் கிழவர், பழக்கதோஷத்தில். யாரும் சிரிக்கவில்லை. மாமியாரின் முகம் வெளுத்துப்போனது.

“பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு. அன்னிக்கு அழுததும் அதுக்குத்தான். பதில் கெடைச்சுதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். குடுக்க மாட்டேன்னும் இப்ப சொல்லல. எனக்குத் தெரியல.” போதகர் ஏதோ சொல்ல வந்தார். அவள் கையைக் காட்டித் தடுத்தாள். அந்த மேடையில் யாரும் அவரைத் தடுத்ததில்லை. “எனக்காக யாரும் சத்தம் போட்டு ஜெபிக்காதீங்க. பாட்டும் வேணாம். கொஞ்ச நேரம் எல்லாரும் சும்மா இருப்போமா?”

கீபோர்டு வாசிக்கும் பெண் போதகரைப் பார்த்தாள். அவர் தயங்கித் தயங்கித் தலையாட்டினார். அந்தப் பெண் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அந்த அறையில் அவ்வளவு பேர் இருக்கும்போது அப்படி ஓர் அமைதி விழுந்ததேயில்லை. யாரோ தொண்டையைச் செருமினார்கள். மாமியாரின் உதடுகள் சிறிது நேரம் அசைந்துகொண்டே இருந்து, பிறகு நின்றன. இன்சுக் கண்ணை மூடினாள். முதலில் மாமியார் குரல் வந்தது. அப்புறம் ஆஸ்பத்திரிப் பெண்ணின் குரல். அப்புறம் அப்பாவின் சட்டை இருந்த பை. ஒவ்வொன்றாக வந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போயின. அவள் எதையும் விரட்டவில்லை. கடைசியில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அப்போது, மூன்றாவது வரிசையிலிருந்து, ‘கடுக்’ என்று ஒரு சத்தம்.

பல்லுக்கிடையில் பனிக்கட்டி உடையும் சத்தம். டேசிக் திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். தாகம் பொறுக்க முடியாமல் போட்டுக்கொண்டிருப்பான் போல. அவன் காதெல்லாம் சிவந்துவிட்டது. அந்தச் சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். ஒவ்வொரு சனிக்கிழமையும் தன் சமையலறையில் பனிக்கட்டித் தட்டைத் திருப்பித் தட்டிக் குடுவையை நிரப்பும்போது கேட்கிற சத்தம். அது எதையும் கட்டளையிடவில்லை. எதையும் கேட்கவும் இல்லை.

இன்சுக் மைக்கை வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள். மூன்றாவது வரிசையில் ஒருவர் நகர்ந்து இடம் விட்டார். டேசிக்கின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை நீட்டினாள். அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பெஞ்சுக்கு அடியிலிருந்த குடுவையை எடுத்து, மூடியைச் சத்தமில்லாமல் திருகி, ஒரு கட்டியை அவள் உள்ளங்கையில் வைத்தான். அவள் அதை வாயில் போட்டுக்கொண்டாள். குளிர் பல்லில் ஏறியது. கடிக்கவில்லை. மற்றவர்கள் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருக்க, நாக்கின் மேல் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள்.