பாய் அளவு பச்சை

விடிந்ததும் தல்சூ நாற்றங்காலுக்குத்தான் ஓடினான். இராத்திரி முழுக்க மலையிலிருந்து குளிர்காற்று இறங்கியிருந்தது. நாற்றின்மேல் மூடியிருந்த பிளாஸ்டிக் தாளை எடுத்துச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அவன் பயந்தபடியே நாற்று முழுவதும் காமாலை கண்டதுபோல் மஞ்சளாகிக் கிடந்தது. ஆனால் அவன் கண் நின்றது அந்த மஞ்சளில் இல்லை. அதன் நட்டநடுவே, ஒரு பாய் விரித்த அளவுக்கு, நாற்று பச்சைப்பசேலென்று நின்றது.

அரசாங்கம் கொடுத்த புது ரகமான தோங்கில் நெல் அள்ளி விளையும், ஆனால் குளிர் தாங்காது. பழைய நெல் தாங்கும். வெயில் நாளில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். முளைத்தது எது என்று கண்டுபிடிக்க அதிகாரிகளுக்கே கண் போதாது. இப்போது குளிர் வந்து காட்டிக்கொடுத்துவிட்டது. விதைத்தது அவன் மனைவி சுன்னிம். அன்று அவன் வட்டார அலுவலகத்தில், பழைய விதையை அடியோடு ஒழிப்பது பற்றிய கூட்டத்தில் உட்கார்ந்திருந்தான்.

தல்சூ ஊர்த்தலைவன். ஒரு பிடிகூடப் பழைய விதை போடக்கூடாது என்று காலைதோறும் ஒலிபெருக்கியில் தொண்டை கிழியக் கத்தியவன் அவன்தான். போன வசந்தத்தில் பக்கத்து ஊரில் அதிகாரிகள் ரப்பர் பூட்ஸோடு நாற்றங்காலுக்குள் இறங்கிப் பழைய நாற்றைச் சேற்றோடு சேற்றாக மிதித்துவிட்டுப் போனார்கள். அந்த ஊர்க்காரர்கள் அழுதபோது, சொன்னால் கேட்க வேண்டியதுதானே என்று இவன்தான் சொன்னான்.

அவன் அதிகாரிகளுக்குப் பயந்து கத்தவில்லை. போன வருஷத்து அரிசி தீர்ந்து, வாற்கோதுமை பால்கூடப் பிடிக்காத அந்த வசந்தங்களை அவன் மறக்கவில்லை. அப்படி ஒரு வசந்தத்தில் அவன் அம்மா பைன் மரப்பட்டையை இடித்துக் கஞ்சி காய்ச்சி, தான் குடித்தாயிற்று என்று பொய் சொல்லிச் சொல்லியே செத்துப்போனாள். தோங்கில் வந்தபிறகு ஊரில் ஒருவரும் பட்டை உரிக்கவில்லை. அதன் வைக்கோல் குட்டை, கூரைக்கு ஆகாது. எல்லா வீட்டுக்கும் சிமெண்டு ஓடு வந்துவிட்டது. அவன் மகள் மியோங்ஜாவுக்குப் பசி என்றால் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வருகிற ஒன்று, அவ்வளவுதான். இதற்குமேல் ஒரு நெல்லிடம் என்ன கேட்பது என்று அவனுக்குப் புரியவே இல்லை.

வீட்டுக்கு வந்தான். சுன்னிம் சமையலறையில் அடுப்புமுன் குந்தியிருந்தாள். அவன் நின்ற விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தலையைத் தூக்காமல், எவ்வளவு மஞ்சளாயிருக்கு என்று மட்டும் கேட்டாள்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாத்திருக்கே, மியோங்ஜா அம்மா. தலைவன் வீட்டு நாத்தங்கால்லயே."

"அத்தை தெவசத்துக்கு ஒரு கிண்ணம் சோறு. அதுக்குத்தான் போட்டேன்."

போன வருஷத்துத் திவசம் அவன் கண்முன் வந்தது. படையல் மேசையில் கிண்ணம் நிறையக் குவித்த வெள்ளைச் சோறு. அதில் கரண்டியை நேராகக் குத்தி நிறுத்தினால்தான் போனவர்கள் வந்து சாப்பிடுவார்கள். அவன் குத்தி நிறுத்திவிட்டு, விழுந்து கும்பிடத் தலையைத் தாழ்த்தினான். பழைய நெல்லுச் சோறுபோலத் தோங்கில் சோற்றில் பசை கிடையாது, உதிர்ந்துபோகும். கரண்டி மெல்லச் சாய்ந்து, மேசையில் டங்கென்று விழுந்தது. திரும்பக் குத்தினான், திரும்ப விழுந்தது. சித்தப்பா பின்னாலிருந்து, அண்ணி சாப்பிடாமலே எழுந்துவிட்டாள் என்றார். உயிரோடு இருந்தபோதும் அதைத்தானே செய்தாள் என்று யாரும் சொல்லவில்லை. எல்லோரும் அதைத்தான் நினைத்தார்கள்.

"இந்த நெல்லு அப்ப இருந்திருந்தா எங்கம்மா செத்தே இருக்கமாட்டா" என்றான் தல்சூ.

"தெரியும். நான் ஒண்ணும் அந்த நெல்லைக் குத்தம் சொல்லல. மூணு வேளையும் அதைத்தானே திங்கிறோம்." சுன்னிம் அடுப்பில் ஒரு குச்சியைத் தள்ளினாள். "கரண்டி விழுந்தப்ப உங்க மூஞ்சியப் பாத்தேன். இன்னொரு தடவை என்னால அதைப் பாக்க முடியாது."

அதிகாரி வருவதற்குள் அந்தப் பச்சையைத் தானே மிதித்துவிடுவது என்று முடிவெடுத்துத் தல்சூ வெளியே நடந்தான்.

மேட்டில் ஏறியபோதுதான் ஊரின் மற்ற நாற்றங்கால்கள் கண்ணில் பட்டன. மஞ்சளுக்கு நடுவே ஒரு பச்சை. அதற்கடுத்ததிலும் ஒன்று. கோயிலுக்குப் போகும் பாதையோரம் மூன்று. ஒன்று பாய் அளவு, ஒன்று முறத்தளவு. வரப்பிலிருந்து பார்க்கிறவன் ஓரத்தைத்தான் பார்ப்பான் என்று ஊரே தனித்தனியாக யோசித்து, ஒரே இடத்தில், நட்டநடுவில் ஒளித்திருந்தது. எதிர்வீட்டு மான்பொக் தன் வரப்பில் குந்தி, தலையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

"நீயுமாடா?"

"அண்ணே, நீங்க மைக்குல கத்தும்போது நடுவுல கொஞ்சம் மூச்சு வாங்குவீங்க பாருங்க" என்றான் மான்பொக். "நாங்க அப்பதான் வெதைச்சோம்."

தல்சூவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கரண்டி விழுந்திருக்கிறது. அவனிடம்தான் யாரும் சொல்லவில்லை.

கீழே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. வட்டார அலுவலகத்து அதிகாரி பேக் வந்து இறங்கினான். இளவயது, ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தான். வயல்களை ஒரு சுற்றுப் பார்த்தான். கோபப்படவில்லை, முகம்தான் வெளுத்தது. அவனுக்கும் மேலே ஆள் உண்டு, மதியத்துக்குள் அவர்கள் வருவார்கள். ஒரு நாற்றங்காலையாவது, அதுவும் தலைவனே மிதித்தான் என்று சொல்ல முடிந்தால், மற்றவர்களை நாளை வரை விடலாம் என்று தணிந்த குரலில் சொன்னான். ஊர் ஒவ்வொருவராக வரப்புகளில் வந்து நின்றது.

தல்சூ தன் நாற்றங்கால் வரப்புக்கு இறங்கிவந்து செருப்பைக் கழற்றினான். கால்சட்டையை முழங்காலுக்குமேல் சுருட்டினான். மஞ்சள் நாற்றை ஒதுக்கி ஒதுக்கி, ஒரு நாற்றும் மடங்காமல் காலை வைத்து நடந்தான். அவன் அம்மாவைக் காப்பாற்றியிருக்கக்கூடிய நாற்று. பிறகு பச்சைக்குள் வந்தான். சேறு கணுக்காலைத் தாண்டி ஏறிப் பிடித்துக்கொண்டது, பசைபோல. ஐஸாகக் குளிர்ந்தது.

"ம், மிதிங்க, தலைவரே" என்றான் பேக்.

தல்சூ நின்றான். கால் எழும்பவில்லை, எழுப்பப் பார்த்தானா என்பதும் அவனுக்கே தெரியவில்லை. காற்று வந்து நாற்றைச் சாய்த்துவிட்டுப் போனது. வரப்பில் சுன்னிம், கும்பிடுவதற்குக் குனிந்த பாதியில் நின்றுவிட்டவள்போல், அவன் சாய்கிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தாள், அன்று அந்தக் கரண்டியைப் பார்த்தது போலவே.