சாப்பிடாதவளின் முக்காலி

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அக்காவையும் தங்கையையும் மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றி நிறுப்பது முதலாளியின் வழக்கம். செருப்பைக் கழற்றிவிட வேண்டும். முதலில் அக்கா, பிறகு தங்கை. அக்கா முப்பத்தெட்டு கிலோவுக்கு மேலே போகக் கூடாது. தங்கை ஐம்பத்திரண்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. இரண்டு எண்களையும் தராசுக்குப் பின்னால் சுவரில் அவரே கரித்துண்டால் எழுதி வைத்திருந்தார்.

அவர் விற்றது ஆனைப்புளி மாவு. ஆப்பிரிக்காவில் யானைக்கால் போல அடிபருத்து நிற்கும் மரத்தின் பழம் அது. சின்னத் தேங்காய் அளவு இருக்கும், ஓட்டைத் தடவினால் பூனை முதுகைத் தடவுவது போலிருக்கும். மரத்திலேயே காய்ந்துவிடுவதால் உள்ளே சாறு கிடையாது. மரச்சுத்தியலால் உடைத்தால் சுண்ணாம்புக் கட்டி போன்ற வெள்ளைச் சுளையும் அதற்குள் கறுத்த கொட்டைகளும் கிடைக்கும். அவருடைய பட்டறையில் பன்னிரண்டு பெண்கள் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து உடைப்பார்கள், நார் உரிப்பார்கள், சலிப்பார்கள். சாயங்காலம் எழுந்திருக்கும்போது பன்னிரண்டு பேருக்கும் இமை நரைத்திருக்கும்.

அந்த வரிசையிலிருந்துதான் முதலாளி இவர்கள் இருவரையும் எடுத்தார். முகம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி, மூக்கு முதல் மோவாய் வரை ஒன்று. ஆனால் அக்கா காற்றடித்தால் பறந்துவிடுவாள். தங்கை நடந்தால் பலகை அதிரும். வேறொருவராக இருந்தால் பாவம் என்றிருப்பார், அல்லது சிரித்திருப்பார். முதலாளிக்கு வியாபாரம் தெரிந்தது. கண்காட்சிகளில் தன் கடைக்கு முன்னால் இருவரையும் உட்கார வைத்தார். தங்கைக்கு மஞ்சள் உடுப்பு, மெத்தை வைத்த நாற்காலி. அக்காவுக்குச் சாம்பல் உடுப்பு, ஒரு முக்காலி. தலைக்கு மேலே பலகை: ‘இரட்டைப் பிறவிகள். ஒரே வீடு, ஒரே சோறு. ஒருத்தி ஆனைப்புளி சாப்பிட்டவள், ஒருத்தி சாப்பிடாதவள்.’

அவர்கள் இரட்டைப் பிறவி இல்லை. அக்கா இரண்டு வருடம் மூத்தவள். அது போகட்டும், தங்கை அந்த மாவை ஒரு தடவைகூட விழுங்கியதில்லை. பல் கூசுகிறது என்று முதல் நாளே துப்பிவிட்டாள். கூட்டத்தின் முன் அவள் ரசித்துக் குடித்ததெல்லாம் சர்க்கரை போட்ட பால்பவுடர் தண்ணீர். குடித்துவிட்டு உதட்டைத் துடைத்து, மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பாள்: ஆரஞ்சைவிட எத்தனையோ மடங்கு விட்டமின் சி, பாலுக்குச் சமமாய்ச் சுண்ணாம்புச் சத்து, குடலைப் பெருக்கித் தள்ளும் நார்ச்சத்து, தோலுக்கு மினுமினுப்பு, ரத்தத்துக்குச் சிவப்பு. முதலாளி சொல்வதற்கெல்லாம் அவள் தலையாட்டுவாள். வேலிக்கு ஓணான் சாட்சி.

அக்காவின் வேலை அதைவிடச் சுலபம். தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கண்காட்சி நாளில் அவளுக்கு மதியச் சாப்பாடு இல்லை. சாப்பிட்டால் முகத்தில் தெரிகிறது என்றார் முதலாளி. இருமல் வந்தால் அடக்க வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்.

ஒருமுறை பெரியவர் ஒருவர் பலகையைப் படித்துவிட்டு அக்காவிடம் குனிந்து, “ஏம்மா, பக்கத்துலயே இருக்கே, நீ ஏன் சாப்பிட மாட்டேங்கிற?” என்று கேட்டார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள். “அவ பிடிவாதக்காரிங்க. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான், நல்லது சொன்னா ஏறாது.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெரியவர் இரண்டு டப்பா வாங்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து பட்டறையில் அவளுடைய பெயரே சாப்பிடாதவள் என்றாகிவிட்டது. ‘சாப்பிடாதவளே, சாப்பிட வா’ என்று கூப்பிட்டுவிட்டு மற்றவர்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வார்கள்.

அந்த மாதக் கடைசியில் சாப்பிடாதவள் பட்டறைப் படிக்கட்டில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே காகிதம் போல வெளுத்திருந்தது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஆறே முக்கால் இருந்தது. இப்படியே இறங்கினால் இதயம் தாங்காது, ஒருநாள் படிக்கட்டு வரைகூடப் போக மாட்டாய் என்றாள் நர்ஸ். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தாள். கீரையும் பருப்பும் தின்னச் சொன்னாள். சாப்பாட்டோடு டீ கூடாது, புளிப்பாக ஏதாவது சேர வேண்டும், அப்போதுதான் இரும்பு உடம்பில் ஒட்டும் என்றாள்.

அக்கா தயங்கித் தயங்கி ஆனைப்புளியைப் பற்றிக் கேட்டாள். கேட்கும்போது அவளுக்கே கூச்சமாக இருந்தது; அதை விற்கிற கூட்டத்தில் ஒருத்தி அவள், அதில் எது உண்மை என்று அவளுக்கே தெரியாது.

“மந்திரமெல்லாம் ஒண்ணும் இல்ல,” என்றாள் நர்ஸ். “ஆனா புளிப்புச் சத்து நிறைய இருக்கு. மாத்திரையோட சேர்த்துக்கிட்டா நல்லதுதான். உங்ககிட்ட இல்லாததா?”

உண்மையில் அவர்களிடம் இல்லைதான். மாவு முழுக்க டப்பாவுக்குப் போய்விடும். ஆனால் சலித்த பிறகு மிஞ்சும் கொட்டைகளைக் கொல்லையில் கொட்டுவார்கள். ஒவ்வொரு கொட்டையிலும் கொஞ்சம் வெள்ளை ஒட்டியிருக்கும். அக்கா தினமும் இரண்டு கைப்பிடி எடுத்து மடியில் முடிந்து வந்து, ஒரு சொம்புத் தண்ணீரில் ஊறப் போட்டாள். காலையில் தண்ணீர் மோர் போலாகியிருக்கும். பருப்புச் சோற்றோடு அதைக் குடித்தாள். பகலில் வாய்த்துணிக்குள் ஒரு கொட்டையை ஒதுக்கிச் சப்பிக்கொண்டே வேலை செய்தாள். யாருக்கும் தெரியவில்லை.

ஆறு வாரத்தில் ஆறே முக்கால் ஒன்பதானது. படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. பசி எடுத்தது. பசி என்றால் இப்படித்தான் இருக்குமா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனால் தராசுக்கு ஆச்சரியமெல்லாம் தெரியாது. அந்தச் சனிக்கிழமை அது நாற்பத்தொன்று காட்டியது.

முதலாளி அவளை இறங்கச் சொல்லி மறுபடி ஏற்றினார். மடியை உதறிக் காட்டச் சொன்னார். பிறகு அவளுடைய கன்னத்தை இரண்டு விரலால், சந்தையில் கத்திரிக்காயைப் பார்ப்பது போலக் கிள்ளிப் பார்த்தார்.

“எங்க திங்கிற?” என்றார்.

பதில் தங்கையிடமிருந்து வந்தது.

“கொட்டைய ஊறவெச்சுக் குடிக்கிறா சார். தினமும்.”

அவர் கத்தவில்லை. பெரிய கண்காட்சிக்கு இன்னும் எட்டு வாரம் இருக்கிறது, அது பத்து நாள் நடக்கும், அதற்குள் பழையபடி ஆகாவிட்டால் இருவருமே வர வேண்டாம் என்று மட்டும் சொன்னார். போகிற போக்கில் ஒரு மை டப்பாவை அக்காவின் கையில் வைத்தார். அதுவரை கண்ணுக்குக் கீழே பூசிக்கொள்ளட்டுமாம்.

அன்று வீட்டுக்கு வந்ததும் தங்கை நேராக அடுப்பு மேடைக்குப் போய்ச் சொம்பை எடுத்துச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

“இப்பதாண்டி ஒன்பது ஆயிருக்கு,” என்றாள் அக்கா.

“கண்காட்சி முடியட்டும்க்கா. அப்புறம் குடம் குடமாக் குடி. யாரு வேணாம்னா?” சொம்பைக் கழுவிக்கொண்டே தங்கை சொன்னாள். “நீ தேறிட்டா நான் யாரு பக்கத்துல உக்கார்றது?”

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அக்கா தங்கைக்கு அதற்கு மேல் ஒரு பழமொழி தேவையில்லை. அக்கா அதற்குப் பிறகு வீட்டில் ஊறப் போடவில்லை. பட்டறையில் வாய்த்துணிக்குள் ஒன்றுக்கு இரண்டாக ஒதுக்கிக்கொண்டாள். சனிக்கிழமைகளில் முதலாளியின் முகம் சுண்டியது. சுவரில் இருந்த முப்பத்தெட்டை விரலால் தட்டிக் காட்டுவார், அவ்வளவுதான். புதிதாக ஒரு எலும்புக்கூட்டைத் தேடிப் பிடிக்கலாம். இதே மூக்கோடு எங்கே பிடிப்பது?

பிறகு தங்கைக்குக் காய்ச்சல் வந்தது. டைபாய்டு. இருபத்தொரு நாள். அந்த இருபத்தொரு நாளும் அக்கா அவளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள் என்றால் மிகையில்லை. கஞ்சி வைத்தாள், ஈரத்துணி போட்டாள், பாயைக் கழுவினாள், வாந்தியைக் கையில் ஏந்தினாள். ஒருநாள் தங்கை அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, “என்னை மன்னிச்சிரு அக்கா,” என்றாள். “பேசாமப் படுடி,” என்றாள் அக்கா. அதை அவள் மனதாரத்தான் சொன்னாள். இருவருக்கும் இடையிலிருந்த கசப்பெல்லாம் அதோடு தீர்ந்துவிட்டதாகத்தான் அப்போது அவளும் நினைத்தாள்.

காய்ச்சல் விட்டதும் வந்த சனிக்கிழமை இருவரும் தராசில் ஏறினார்கள். அக்கா நாற்பத்தெட்டு. தங்கை முப்பத்தொன்பது.

முதலாளி தராசையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். இருவரையும் பக்கவாட்டில் திரும்பி நிற்கச் சொன்னார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். முதன்முறையாக அக்காவைப் பார்த்துச் சிரித்தார்.

“பலகையைக்கூட மாத்த வேணாம்,” என்றார். “நாற்காலிய மட்டும் மாத்திக்குங்க.”

மஞ்சள் உடுப்பை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தால் அக்காவுக்குச் சரியாக இருக்கும் என்று பக்கத்தில் நின்ற ஒருத்தி சொன்னாள். சாப்பிட்டவளுக்கு இனி வாரம் ஒரு டப்பா மாவு இலவசம் என்றும், அவள் உண்மையிலேயே குடிப்பதால் பால்பவுடர் செலவு மிச்சம் என்றும் முதலாளி சொன்னார். சுவரில் முப்பத்தெட்டை அழித்து நாற்பது என்று எழுதினார். அது இனித் தங்கையின் எண்.

ஆஸ்பத்திரிக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். அக்காவுக்குப் பதினொன்று. நர்ஸ் அவளுடைய தோளில் தட்டிக்கொடுத்தாள். தங்கைக்கு ஏழு. நர்ஸ் அதே மாத்திரையைக் கொடுத்து, அதே கீரையையும் பருப்பையும் சொல்லி, “புளிப்பு சேர்த்துக்க. உங்க அக்காவக் கேளு, அவளுக்குத் தெரியும்,” என்றாள்.

பெரிய கண்காட்சி தொடங்கும் நாள். காலை ஆறரை மணிக்கு அக்கா மஞ்சள் உடுப்பை உடுத்திக்கொண்டு அடுப்பு மேடைக்கு வந்தாள். சொம்பு மூடியிருந்தது. திறந்தாள். உள்ளே கொட்டைகள் ஊறியிருந்தன, தண்ணீர் மோர் போல வெளுத்திருந்தது. பல் கூசுகிறவள் எப்போது கொல்லைக்குப் போய்ப் பொறுக்கினாள் என்று தெரியவில்லை. பரணில் அக்காவுக்கு முதலாளி கொடுத்த இலவச மாவு டப்பா, மூடிகூடத் திறக்காமல் இருந்தது. அதைக் கேட்கத் தங்கைக்கு வாய் வரவில்லை போலும்.

அக்கா சொம்பைக் கையில் எடுத்தாள். படிக்கட்டு ஞாபகத்துக்கு வந்தது. கன்னத்தைக் கத்திரிக்காய் போலக் கிள்ளிய விரல்கள் ஞாபகத்துக்கு வந்தன. மெத்தை வைத்த நாற்காலியும் வந்தது. அதில் இதுவரை அவள் உட்கார்ந்து பார்த்ததே இல்லை.

வாசல்படியில் தங்கை வந்து நின்றாள். சாம்பல் உடுப்பு அவளுடைய தோளிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது.

“எனக்கு ஏழுக்கா,” என்றாள்.

“தெரியும்,” என்றாள் அக்கா. “அன்னிக்கு எனக்கு அதுகூட இல்ல.”

சொம்பைச் சாக்கடையில் கவிழ்த்தாள். ஒட்டிய கொட்டைகளை விரலால் வழித்துப் போட்டு, இரண்டு தடவை அலசி, கவிழ்த்து வைத்தாள். தங்கை அழவில்லை. அழுதால் நன்றாகத்தான் இருக்கும், முகம் வீங்காமல் இருந்தால் சரி என்று ஒரு நினைப்பு அக்காவுக்கு ஓடியது. அது முதலாளியின் குரலில் இருந்ததை அவள் கவனித்தாள். கவனித்துவிட்டு விட்டுவிட்டாள்.

“கண்காட்சி முடியட்டும்,” என்றாள்.

பிறகு மை டப்பாவை எடுத்துக்கொண்டு தங்கையை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். தங்கை குழந்தை போல முகத்தை நிமிர்த்திக் கண்ணை மூடிக்கொண்டாள். அக்கா மோவாயைப் பிடித்து வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே குழி விழுந்து கறுத்திருந்தது. மை தேவைப்படவில்லை. டப்பாவை மூடினாள்.

“அங்க வந்து தோளைக் கொஞ்சம் குறுக்கி உக்காரு,” என்றாள். “இருமல் வந்தா அடக்காத.”