மூன்று காபிக் கடையும் ஒரு வீடியோ பாலமும்

பத்மாசனி காபிக் கம்பெனி பீர் முஹம்மதுக்குத் தர வேண்டியது நாற்பத்து மூவாயிரத்து எழுநூறு ரூபாய். தி. நகர், மயிலாப்பூர், அடையாறு என்று அவர்களுடைய மூன்று கடைகளிலும் சுவரைக் குடைந்து, குழாய் பதித்து, கேபிள் இழுத்த கணக்கு அது. அதில், கூட நின்று வேலை செய்த கபாலிக்கு ஒரு பங்கு போக வேண்டும். மீதியில்தான் டிரில்லிங் மெஷினை மீட்க வேண்டும். இவர்களுக்குக் கேபிள் வாங்கிப்போடத்தான் பீர் அந்த மெஷினைச் சேட்டுக் கடையில் அடகு வைத்திருந்தார். திங்கட்கிழமை கிண்டி எஸ்டேட்டில் ஒரு பெரிய வேலை ஆரம்பம். மெஷினோடு வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக அங்கே சொல்லிவிட்டார்கள்.

கம்பெனியை ஆரம்பித்த பெரியவர் போய்ச் சேர்ந்த பிறகு பிள்ளைகள் மூவரும் ஆளுக்கொரு கடையாக எடுத்துக்கொண்டார்கள். மூத்தவர் ஸ்ரீரங்கனுக்குத் தி. நகர், இளையவர் ஸ்ரீகிருஷ்ணாவுக்கு அடையாறு, நடுவில் பிறந்த மதுவந்திக்கு மயிலாப்பூர். மாதம் ஒருமுறை மயிலாப்பூர் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் பேசுவார்கள். போன தடவை பேச்சு முற்றி, தம்பி அண்ணன் சட்டையைப் பிடித்து, பையெல்லாம் கிழிந்து, அக்கம்பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்ததோடு அது நின்றது. இனி அவரவர் கடையிலிருந்து வீடியோவில் பேசிக்கொள்ளுங்கள் என்று ஆடிட்டர் வழி சொன்னார். சட்டைக்கு அதுதான் நல்லது.

பீர் குடியிருக்கும் மீர்சாகிப்பேட்டையில் கீரை விற்கும் அமீனா பீ, துபாயிலும் மஸ்கட்டிலும் இருக்கிற இரண்டு மகன்களோடு ஒரே நேரத்தில் முகம் பார்த்துப் பேசுகிறார். கையில் ஒரு உடைந்த போன், அவ்வளவுதான். பத்மாசனிக்காரர்களுக்கு அது கௌரவக் குறைச்சல். அண்ணன் ஆள் உயர டிவியும் கேமராவும் வாங்கினார். அதே கம்பெனி சாமானை வாங்கினால் அண்ணன் சொல் கேட்டதாக ஆகிவிடும் என்று தம்பி வேறு கம்பெனியில் வாங்கினார். மதுவந்தி, டிவி கடைக்காரன் தலையில் கட்டியதை வாங்கினார். மூன்றும் ஒன்றோடொன்று பேசவில்லை. வாங்கினவர்கள் மாதிரியே.

மூன்று டிவியின் படத்தையும் குரலையும் நடுவில் ஒரு இடத்தில் சேர்த்துப் பிரித்துக் கொடுக்க ஒன்று வேண்டுமாம். அதற்குப் பாலம் என்று பேர். அதிலும் இரண்டு வகை வந்து நின்றது. ஒன்று பெட்டி. மொத்தமாக விலை கொடுத்து வாங்கித் தி. நகர் மாடியில் வைத்துக்கொள்ள வேண்டும். மற்றது வாடகை. பெட்டியே கிடையாது, எங்கேயோ இருக்கிற பாலத்துக்கு மாதா மாதம் பணம் கட்ட வேண்டும், கணக்கு ஸ்ரீகிருஷ்ணா பேரில். பெட்டிதான் பத்திரம் என்றார் அண்ணன். வாடகைதான் நவீனம் என்றார் தம்பி. கோட்டுப் போட்ட விற்பனைக்காரர்கள் மாறி மாறி வந்து காபி குடித்துவிட்டுப் போனார்கள். பாலத்தில் மூன்று பேரையும் ஒன்றாகக் கேட்டு, ஒருவரும் மறுக்காவிட்டால்தான் கேபிள் பில் பாஸாகும் என்று கணக்கர் சக்திவேல் கையை விரித்தார்.

பத்திரம், நவீனம் எல்லாம் வெளியே சொல்லிக்கொள்வது. பாலம் யார் கையில் இருக்கிறதோ அவர் மற்றவர்கள் குரலை அடைத்துவிடலாம் என்று இரண்டு விற்பனைக்காரர்களும் போகிற போக்கில் சொல்லியிருந்தார்கள். அண்ணன் தம்பி இருவர் காதிலும் விழுந்தது அது ஒன்றுதான்.

முதல் ஒத்திகையைப் பீர் ஏணி மேல் நின்று பார்த்தார். அண்ணன் ஒத்திகைக்கு இரவல் வந்த பெட்டியைப் போட்டுக்கொண்டு தி. நகரில் உட்கார்ந்தார். தம்பி வாடகைப் பாலத்தைத் திறந்துவைத்துக்கொண்டு அடையாறில் உட்கார்ந்தார். அவன் இங்கே வரட்டும் என்று இவரும், அவர் இங்கே வரட்டும் என்று அவரும் சக்திவேலுக்குப் போன் போட்டபடி இருந்தார்கள். இரண்டு அழைப்பும் கிடைத்த மதுவந்தி எதிலும் சேராமல் பியூட்டி பார்லர் போய்விட்டார். காலியான டிவியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு அண்ணன் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பீர் கீழே வந்து சொன்னபோது, டீ குடித்துக்கொண்டிருந்த கபாலிக்குப் புரை ஏறியது.

"அடையாறுக்கு பஸ்ஸு கீது பாய். ஏறிப் போயி நாலு வார்த்தை திட்டிட்டு வர்றதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ வயரு?"

"பஸ்ஸுல போனா திட்டு வாங்கிக்கினும் வரணும் நைனா. டிவின்னா திட்டிட்டு அணைச்சுடலாம்ல."

வெள்ளிக்கிழமை தி. நகர் மாடியில் இரண்டாவது ஒத்திகை. இந்தத் தடவை பெட்டிக்காரன் எப்படியோ கெஞ்சி மூன்று பேரையும் தன் பெட்டியில் சேர்த்துவிட்டான். இணைப்பு விட்டுப்போனால் பார்க்க பீரும் அறையில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, அவன் கீழே காபி குடிக்கப் போனான். பெட்டியை ஆட்டுவிக்கும் தொடுதிரைப் பலகை மேஜை மேல் கிடந்தது. ஸ்ரீரங்கன் அதைத் தொடப் பயந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். சற்று முன் ஒருமுறை தொட்டு எல்லாரையும் இணைப்பிலிருந்து வெளியே தள்ளியிருந்தார்.

தம்பி எடுத்த எடுப்பிலேயே கேபிளைப் பிடித்துக்கொண்டார். வாடகைப் பாலம் என்றால் வைஃபையே போதும், இந்தக் கேபிள் தண்டம், அதற்குத் தன் கடைப் பணத்திலிருந்து ஒரு பைசா தரமுடியாது என்றார். பீர் அங்கே நிற்பதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். சுவர் குடையும்போது இந்தப் பக்கம் வேண்டாம், அந்தப் பக்கம் குடை என்று பக்கத்தில் நின்று வேலை வாங்கியவர் அவர்தான். பிறகு பேச்சு கேபிளை விட்டு அப்பா காலத்துக்குப் போனது. அண்ணன் எந்தக் காலத்தில் எவ்வளவு எடுத்தார் என்று ஆரம்பித்தது. ஸ்ரீரங்கன் முகம் வறுத்த காபிக் கொட்டை நிறத்துக்கு வந்தது.

"பாய், இவன் பேசிண்டே இருக்கானே, இதை எப்படி அடைக்கறது? நீயே அமுக்கு."

பீர் குனிந்து பார்த்தார். மூன்று கட்டம், கட்டத்துக்கு ஒரு பேர், பக்கத்தில் ஒரு மைக் படம். தம்பியுடைய கட்டத்தில் விரலை வைத்தார். மைக் மேல் சிவப்புக் கோடு விழுந்தது. டிவியில் ஸ்ரீகிருஷ்ணா வாய் அசைந்தது, கை ஆடியது, சத்தம் மட்டும் வரவில்லை. ஸ்ரீரங்கன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை இத்தனை நாளில் பீர் பார்த்ததில்லை. ஐம்பது வயது மனுஷன், ஒரு கம்பெனிக்கு முதலாளி, தம்பி வாயைப் பொத்தியதில் குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார். இதைவிட நல்ல நேரம் இந்த ஜென்மத்தில் வராது என்று பீருக்குத் தெரிந்தது. பலகையிலிருந்து விரலை எடுக்காமலே சொன்னார்.

"சார், நம்ம பில்லு விஷயம் இப்பவே கேட்டுடுங்க."

ஸ்ரீரங்கன் அப்போது எதைக் கேட்டாலும் கேட்டிருப்பார். நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமினார்.

"கேபிள் பில்லுக்கு யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

மதுவந்தி நகத்தைப் பார்த்துக்கொண்டே தனக்கு இல்லை என்றார். "கிருஷ்ணா ஏதோ சொல்றான் போலருக்கேண்ணா" என்றும் சேர்த்துக்கொண்டார். அடையாறுக் கட்டத்தில் கை இரண்டும் பறந்தன. கேமராவுக்கு அருகே வந்ததில் டிவி முழுக்க அவர் பல்தான் தெரிந்தது.

"எனக்கு ஒண்ணும் காதுல விழலை. ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக்கோ சக்திவேல்."

மேஜை ஓரத்தில் நோட்டோடு இருந்த சக்திவேல் எழுதினார். விதி என்றால் விதி அவருக்கு. மூன்று பேரைக் கேட்டாயிற்று, ஒருவரும் மறுத்ததாகக் காதில் விழவில்லை. அவருடைய போன் அதிர்ந்தது, அடையாறிலிருந்துதான். எடுக்க வேண்டாம் என்று ஸ்ரீரங்கன் கைகாட்டினார். மாடிப்படி ஏறி வந்த பெட்டிக்காரன் இந்தக் காட்சியைப் பார்த்துப் பெட்டி விற்றுவிட்டதாக நினைத்துச் சிரித்தான். தம்பி நாளைக்கே வாடகைப் பாலத்தைத் திறந்து அண்ணன் வாயை அடைத்துக் காட்டுவார் என்று அவனுக்குச் சொல்வார் இல்லை. ஆயுசு முழுக்க இவர்கள் பாலம் பார்த்துக்கொண்டே இருக்கலாம், கடக்கத்தான் ஒருவருக்கும் உத்தேசமில்லை.

செக் வேண்டாம், போனிலேயே போட்டுவிடுங்கள் என்று பீர் அங்கேயே நின்றார். வரிப் பிடித்தம் என்று நானூற்று முப்பத்தேழு ரூபாயைக் கழித்துக்கொண்டு சக்திவேல் பணத்தை அனுப்பினார். பீருக்குச் சண்டை போட வாய் வரை வந்தது. இவர்களோடு இன்னொரு நிமிஷம் பேசுவதற்கு அந்தக் காசு போதாது என்று தோன்றியது. அதை அவர்கள் பாலத்துக்கு மொய்யாக எழுதிவிட்டு, கபாலி பங்கை அவன் போனுக்குத் தள்ளிவிட்டு, மெஷினை மீட்கப் படி இறங்கினார். கணக்குத் தீர்ந்தது.