பூங்காவனம் அத்தையின் தயார் நாடா

1

இந்தக் கதை சோம்பேறித்தனத்தில் பிறந்தது. நிரல் எழுதும் கட்டளைத்திரையில் ஒரே வரிகளைத் திரும்பத் திரும்பத் தட்டி அலுத்து, இரண்டு எழுத்து தட்டினால் மீதி தானாக வந்து விழும்படி செய்துகொண்டேன். விழுந்ததும் பூங்காவனம் அத்தை ஞாபகம். அவரும் யாரையும் பேசி முடிக்க விடமாட்டார். இந்தக் கதையையும் அந்தத் திரையில்தான் எழுதுகிறேன்.

2

தொடக்கம்: 'மெர்டேக்கா என்ற சுதந்திர நாளுக்கு முந்தைய வாரம், மலாக்காவில் மக்கள் வெள்ளம் அலை—'

வேண்டாம். எல்லாரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள்.

மறுபடி: 1957. கஜா பேராங்கில் இருந்த வீட்டிலிருந்து சைக்கிளில் தந்தி அலுவலகத்துக்குப் போவார் அத்தை. அங்கே செய்தியைத் தட்டினால் காகித நாடாவில் துளைகள் விழும். நாடாவை இயந்திரத்தில் விட்டால் செய்தி போய்விடும். அடிக்கடி வரும் வாசகங்களுக்கு முன்கூட்டியே நாடா அடித்து ஆணியில் மாட்டி வைத்திருந்தார். கெட்டிக்காரி!

தெங்கேராவில் கடைக் கணக்கராக இருந்த தம்பிராஜாவுக்கென்றே ஒரு நாடா: 'புறப்பாடு தாமதம்.' நாகப்பட்டினத்தில் அண்ணன் பெண் பார்த்து வைத்துக் காத்திருந்தார். இவர் மாதாமாதம் கப்பலைத் தள்ளிப்போட்டார். ஏனென்று வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் தெரியும், அத்தைக்கு மட்டும் தெரியாது. (தெரிந்திருக்கும் என்கிறாள் என் மனைவி. கதையில் தெரியாது.)

3

"அண்ணனுக்கு ஒரு—"

"வழக்கம்தானே? கூட்டத்தப் பாருங்க லா. இந்தா, போயிருச்சு."

"இல்லங்க. இந்த வாட்டி வேற. சுதந்திரம் வரப்போவுது. இருக்கறதா போறதான்னு முடிவு பண்ணிட்டேன். அத ஒங்ககிட்டதான் மொதல்ல சொல்லணும்."

அத்தை அந்த நாடாவை மறுபடி ஆணியில் மாட்டினார். (முதல் வரைவில் அழவைத்தேன். அழுகிற ஆளா அவர்?)

"இன்னொன்னு அனுப்பிடலாம். சொல்லுங்க," என்று விசைகளிலிருந்து கையை எடுத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக, ஒருவர் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

4

முடிவு அ: கப்பலேறினார்.
முடிவு ஆ: இங்கேயே இருந்து எனக்கு மாமாவானார்.

எது நடந்ததென்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். அத்தையே சொன்னதில்லை. "அவரு என்னா சொன்னாருன்னா..." என்று நிறுத்திவிட்டுத் தேநீரை உறிஞ்சுவார். ஊரார் பேச்சையெல்லாம் முடித்துவைத்தவர், இதை மட்டும் முடிக்கவில்லை.

அத்தை போய்விட்டார். குறுக்கே பேச ஆளில்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை.

சற்றுமுன் அத்தையின் அந்த வரியைத் தட்டினேன். பாதியிலேயே திரை இரண்டு முடிவுகளையும் நீட்டியது. அந்த வசதியை அணைத்துவிட்டேன். இனி நீங்கள்தான் தட்ட வேண்டும், எழுத்தெழுத்தாக, அவசரப்படாமல்:

அவரு என்னா சொன்னாருன்னா