மேல் வரிசை

மோட்டார் இரைச்சலிலேயே பாதி ஆயுளைக் கழித்த லிஃப்ட் மெக்கானிக் அவன். வீட்டுப் பால்கனியில் மண்ணில்லாமல் கீரை வளர்க்க நான்கு அடுக்குக் குழாய்களை மாட்டியபோது, தண்ணீர் ஏற்றும் பம்பு வாயே திறக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தான். கடையில் ஒவ்வொரு பம்பையும் வாளித் தண்ணீரில் போட்டுக் காதை வைத்துக் கேட்டான்.

"எவ்வளவு உயரம் ஏறணும் சார்?" என்றார் கடைக்காரர்.

"லிஃப்ட் மெக்கானிக்கிட்டயே உயரத்தைப் பத்திக் கேக்குறீங்களா? சத்தம் வராததா குடுங்க, போதும்."

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவனுக்கு யானையளவு இருந்தது வாய் மட்டும்தான்.

முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட மனைவியால் குனிய முடியாது. அதனால் தலை உயரத்தில் இருந்த மேல் வரிசை அவளுக்கு. ஐந்து மாதம் படுத்தே கிடந்தவள், சின்னப் பஞ்சுத் துண்டுகளில் புதினா நாற்றுகளைத் தன் கையால் நட்டாள். கீழே இருந்த மூன்று வரிசையும் அவனுடையவை. ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனிக் கிளையாகத் தண்ணீர் போனது. அது தரையில் பம்பு வைத்த தொட்டியில் திரும்பி விழும் சத்தம் கேட்டதும், வேலை முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டான்.

பத்தாம் நாள் கீழே கீரை மதமதவென்று நின்றது. மேலே புதினா கருகிப்போயிருந்தது.

"உன் கைராசி அப்படி" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். மறுபடி நட்டாள். அதுவும் போயிற்று. அதன்பிறகு அவள் பால்கனிப் பக்கமே வரவில்லை. டாக்டர் சொன்ன நடைப்பயிற்சியும் நின்றது. "நான் தொட்டா எதுதான் வெளங்குது?" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

ஞாயிறு காலையில் கழுவுவதற்காக மேல் குழாயைக் கழற்றினான். உள்ளே சொட்டு ஈரமில்லை, தூசிதான் கிடந்தது. ஓடிப்போய்ப் பம்பு வந்த அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்தான். ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தது: தண்ணீர் ஏறும் உயரம் நான்கு அடி. வாத்தியார் பிள்ளை மக்கு என்பது பொய்யில்லை. ஊரையே மாடிக்கு ஏற்றுகிறவன் வீட்டில் தண்ணீர் நெஞ்சுக்கு மேல் ஏறவில்லை.

மனைவியின் தோளைத் தாங்கிப் பால்கனிக்கு அழைத்து வந்தான். ஓடிக்கொண்டிருந்த பம்பின் ரப்பர் குழாயை அடுக்கிலிருந்து உருவி, மெல்ல உயர்த்திக் காட்டினான். இடுப்பளவில் கொட்டிய தண்ணீர், நெஞ்சருகே நூலாக இளைத்து நின்றுவிட்டது.

"பாரு. உன் வரிசைக்கு ஒரு நாள்கூடத் தண்ணி வரல. தப்பு என்னோடது."

அவள் அந்தக் குழாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ என் கை இல்லையா?"

"இல்லவே இல்ல."

"தண்ணி வருதான்னு ஒரு தடவை பாத்திருக்கலாம்ல? அதுக்கு முன்னாடியே என் கையைச் சொல்லிட்டீங்க."

உயர்த்திய குழாய் இன்னும் அவன் கையில் இருந்தது. காலடியில் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. அவன் கேட்டு வாங்கியபடியே, சத்தமே இல்லை.