இலங்கைக்கு எட்டும் கயிறு

1980ஆம் வருஷம் ஐப்பசி மழை விட்ட மறுநாள், திண்டிவனத்தை அடுத்த வல்லத்துக்குப் பக்கத்தில் கோதண்டபாணி தன் கிணற்றில் விட்ட வாளி, இலங்கையில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் தண்ணீர்த் தொட்டியில் போய் எழும்பியது. அந்த வாரம் திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையின் விலை இறங்கியிருந்ததால் ஊர்ப் பேச்சு முக்கால்வாசி அதைப் பற்றித்தான் இருந்தது. கோதண்டபாணி வாளியை இழுத்தபோது தண்ணீர் பல் கூசும்படி குளிர்ந்திருந்தது. மேலே தேயிலைக் கொழுந்து மிதந்தது. கிணற்றுக்குள் குனிந்து பார்த்தவருக்குத் தன் முகம் தெரிய வேண்டிய இடத்தில் மகள் பாஞ்சாலியின் முகம் தெரிந்தது. “அப்பா, இது உங்க வாளியா? பக்கத்து வீட்டாளுங்க வாளின்னு நெனச்சேன்” என்றாள் அவள். ஆறு வருஷம் கழித்து அப்பாவும் மகளும் பேசிக்கொண்ட முதல் பேச்சு வாளியைப் பற்றியதாகவே அமைந்தது.

மகள் அங்கேயும் பெற்றவர்கள் இங்கேயும் இருந்தது அவர்கள் யோசித்துச் செய்த காரியம் இல்லை. கோதண்டபாணியின் தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் இந்த ஊரைவிட்டுத் தேயிலைக்குப் போனவர். பின்னாளில் இரண்டு நாட்டுப் பெரியவர்களும் டெல்லியில் உட்கார்ந்து, கொழுந்து பறிக்கிற சனங்களில் இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பாகப்பிரிவினை செய்துகொண்டார்கள். அதில் கோதண்டபாணியும் அவர் மனைவி அம்சாவும் கைக்குழந்தையும் இந்தியாவின் பங்கில் விழுந்தார்கள். புதிதாகக் கலியாணமான பாஞ்சாலி புருஷனோடு இலங்கையின் பங்கில் விழுந்தாள். 1974 ஆடி மாதம் கப்பல் ஏறச் சொன்னார்கள், ஏறினார்கள். ராமேஸ்வரத்து ரயிலில் வந்து விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கிய வாரமே கைக்குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. ஆடியில் குடி பெயர்ந்ததால்தான் பிள்ளையைப் பறிகொடுத்தோம் என்பது கோதண்டபாணியின் மனத்தில் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது. யார் என்ன சமாதானம் சொன்னாலும் அது அசையவில்லை. தோட்டத்தில் கொடுத்தனுப்பிய பணத்தில் ஒரு காணி நிலமும் அதோடு சேர்ந்த கிணறும் வாங்கினார். அங்கே இருந்தவரை அவரை இந்தியாக்காரன் என்றார்கள். இங்கே வந்ததும் சிலோன்காரர் என்றார்கள்.

கிணற்று விஷயத்தில் ஊரார் ரொம்ப ஆச்சரியப்பட்டுவிடவில்லை. அந்தத் தண்ணீர் கேப்பைக்குப் பாய்ச்ச ஆகுமா என்று கேட்டார்கள். ஆகும் என்று தெரிந்ததும் பேச்சை விட்டார்கள். பெண்கள்தான் சுறுசுறுப்பானவர்கள். இங்கிருந்து மல்லாட்டையும் வரமிளகாயும் இறங்கின. அங்கிருந்து தேயிலையும் கிராம்பும் வாசனை சோப்பும் ஏறின. ஒரு படிக்கு ஒரு படி, தலைதட்டி அளந்தால் அவர்களும் தலைதட்டி, குவித்து அளந்தால் அவர்களும் குவித்து. இரண்டு வருஷத்தில் சுற்றுப்பட்டு டீக்கடைகளில் சாயம் மாறியது. வளவனூரிலிருந்து கூட ஆள் வந்து தூள் வாங்கிப் போனார்கள். அம்சா இதில் எதிலும் சேரவில்லை. அவள் பாட்டுக்கு உருளையருகே உட்கார்ந்து மகளோடு பேசிக்கொண்டிருப்பாள். பேத்தி பிறந்தபோது மருந்துச் சரக்கு இடித்து இறக்கினாள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது எப்படி என்று மேலிருந்தே சொல்லிக்கொடுத்தாள்.

கிணற்றின் ஆழம் மட்டும் நிலையாக இல்லை. மழைக்கும் வெயிலுக்கும் அது கட்டுப்படவில்லை. இரண்டு நாட்டு மந்திரிகளும் ஒரு மேஜையில் சாப்பிட்டார்கள் என்றால் தண்ணீர் மேலே வந்துவிடும், பாஞ்சாலியின் மூக்குத்தியில் கல் உதிர்ந்திருப்பது கூடத் தெரியும். யாராவது ஒருவர் காரமாக அறிக்கை விட்டால் போச்சு, கயிறு பற்றாது. திண்டிவனத்தில் கயிற்றுக்கடை வைத்திருந்த சவுரிராயன் அதுவரை பேப்பரில் சினிமா விளம்பரம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஆள். வியாபாரத்துக்காக வெளிநாட்டுச் செய்தியை எழுத்துக்கூட்ட ஆரம்பித்து, கடைசியில் அதிலேயே விழுந்துவிட்டார். “சிலோன்காரரே, இன்னும் நாலு பாகம் கயிறு சேர்த்து வாங்கிக்கினு போங்க. பேச்சுவார்த்தை பேஜாரா கீது” என்பார். பாதி நாள் அவர் சொன்னது பலிக்கும். மீதி நாள் கயிறு விற்கும்.

சரக்கு போய்வரும் இடத்துக்கு அரசாங்கமும் வந்துதானே தீரும். 1982இல் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி மேஜை நாற்காலியோடு வந்து கிணற்றருகே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். ஏறுவதிலும் இறங்குவதிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு முத்திரை குத்தினார். நல்ல மனிதர்தான். சரக்கு வரலாம், ஆள் வரக்கூடாது என்பதை மட்டும் முதல் நாளே சொல்லிவிட்டார். ஆனால் மத்தியானம் சாப்பிடப் போனால் சாவகாசமாகத்தான் திரும்புவார், அந்த நேரத்தில் கிணற்றை யாரும் காவல் காக்கவில்லை என்பது ஊருக்கே தெரியும்.

1983இல் கயிறு வாரத்துக்கு வாரம் நீண்டது. ஆடி பிறந்த மறுநாள், அதிகாரி சாப்பிடப் போயிருந்த நேரம், பாஞ்சாலி கீழே வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடுப்பில் இரண்டு வயதுப் பெண், பக்கத்தில் மூட்டையோடு புருஷன். “அப்பா, இங்க ஆளுங்க பார்க்கிற பார்வை சரியில்ல. இப்பவே ஏறி வந்திரட்டுமா?” என்றாள். அம்சா கயிற்றில் கை வைத்துவிட்டாள். கோதண்டபாணிக்கு விழுப்புரத்தில் இறங்கிய வாரம் கண்முன் வந்து நின்றது. பேத்தியின் முகத்தில் அந்தச் செத்த பிள்ளையின் சாயல் வேறு இருந்தது. “ஆடியில குடி வரக் கூடாதும்மா. பட்டது போதாதா? ஆவணி பொறந்ததும் மொத ஆளா தூக்கிக்கிறேன். இப்ப போங்க” என்றார். பாஞ்சாலி வாளியை விட்டாள். அப்பா சொல்லைத் தட்டி அவளுக்குப் பழக்கமில்லை. அம்சா கயிற்றிலிருந்து கையை எடுத்தாள். இதை எழுதுகிறவனுக்கே வயிறு எரிகிறது. அவர் அன்பினால்தான் சொன்னார் என்று நினைத்தால் இன்னும் எரிகிறது.

ஒரு வாரம்கூடத் தாண்டவில்லை. அங்கே கலவரம் மூண்டு தமிழர் வீடுகள் எரிந்தன. கிணற்றுத் தண்ணீர் முதலில் வெந்நீரானது, பிறகு புகை வாடை அடித்தது, பிறகு கீழே இறங்கிக் கண்ணுக்கே எட்டாமல் போய்விட்டது. கோதண்டபாணி சவுரிராயன் கடைக் கயிறு மொத்தத்தையும் முடிந்து விட்டுப் பார்த்தார். தண்ணீர் இறைக்கிற கவலைக் கயிறு, மாட்டுக் கயிறு, ஊர்த் தேர்வடம் வரை எடுத்து முடிந்து பார்த்தார். வாளி எதையும் தொடவில்லை. ஆவணி பிறந்தது. அதிகாரி மேஜையை மடித்துக்கொண்டு போனார். மறு வருஷம் கப்பலும் நின்றது. அதற்குப் பிறகும் கோதண்டபாணி விழுப்புரம் ஜங்ஷனுக்குப் போய் ராமேஸ்வரத்து ரயிலில் இறங்குகிறவர்களை முகம் முகமாகப் பார்த்துவிட்டு வருவார். அம்சா அவரை ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. சோறு போட்டாள், வெந்நீர் வைத்தாள், பேச்சை மட்டும் நிறுத்திவிட்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்று அவர் பல நாள் கொல்லையில் நின்று அழுதிருக்கிறார்.

நாலு வருஷம் இப்படிப் போனது. 1987 ஆடியில் இரண்டு நாட்டுத் தலைவர்களும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அன்று சாயங்காலமே கிணறு விளிம்பு வரை பொங்கி நின்றது, கையால் மொள்ளலாம். ஊரார் தோரணம் கட்டினார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். பழைய அதிகாரி மேஜையோடு திரும்பி வந்தார். அம்சா ஓடிப்போய்க் குனிந்தாள். தொட்டியில் துணி அலசிக்கொண்டிருந்தவள் வேறு யாரோ. “அவங்க வீட்டுக்குத் தீ வச்ச அன்னைக்கே ஓடிட்டாங்கம்மா. புருஷனையும் பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வவுனியாப் பக்கம் போனதா சொல்றாங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாது” என்றாள்.

மறுநாள் காலையில் அம்சா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மல்லாட்டை மூட்டை ஒன்றை முடிந்துகொண்டு வந்தாள். வாளியில் கால் வைத்தபோது கோதண்டபாணி பதறி, “அம்சா, ஆடி மாசம்டி...” என்று தொடங்கி, சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டவர் மாதிரி நிறுத்திக்கொண்டார்.

“நாளு பார்த்த வரைக்கும் போதுங்க. கயித்த வுடுங்க” என்றாள் அம்சா. நாலு வருஷத்தில் அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. அதிகாரி அன்று பதினோரு மணிக்கே சாப்பிடப் புறப்பட்டுவிட்டார்.

அக்கரையில் ஏறியதும் அவள் வாளியை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டாள். அவள் நடக்க நடக்க இங்கே உருளை சுற்றியது. வடக்கே போகிறாள், முகாம் முகாமாகத் தேடுகிறாள் என்று கயிறு போகிற போக்கிலேயே கோதண்டபாணி தெரிந்துகொண்டார். காலையில் அது ஒரு தரம் வெட்டி இழுக்கும். இருக்கிறேன் என்று அர்த்தம். அவரும் இழுத்துக் காட்டுவார். ஒப்பந்தம் கசந்து, அமைதி காக்கவென்று இங்கிருந்து போன பட்டாளத்தைத் திரும்பிப் போகச் சொல்லி அங்கே பேச ஆரம்பித்ததும் தண்ணீர் மறுபடி இறங்கியது. அதிகாரி மறுபடி மேஜையை மடித்தார். டீக்கடைகளில் மறுபடி பழைய கடைத் தூளே கொதித்தது. சவுரிராயன் கயிற்றை விலை சொல்லாமல் வண்டியில் போட்டு அனுப்பினார். கோதண்டபாணி கட்டிலைக் கிணற்றருகே போட்டுக்கொண்டு, நுனியை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு படுத்தார். வழியில் போகிறவர்கள் கேட்டால், “கயித்துல இன்னும் ஒரு ஆளு கனந்தான் இருக்குது” என்பார்.

1989 தை மாதம் அந்தப் பக்கத்துக் கிணறுகளுக்கெல்லாம் மோட்டார் இணைப்புக் கொடுக்க ஒயரும் ஏணியுமாக மின்சார வாரிய ஆட்கள் வந்தார்கள். கோதண்டபாணி கயிற்றை விடாமல் எழுந்து நின்று, “இதுல வேணாங்க. இதுல எங்க வூட்டு ஆளு இருக்குது” என்றார். அவர்களில் மூத்தவர் விளிம்பில் குனிந்து பார்த்துவிட்டு, எத்தனை பேர் என்று கேட்டார். “இப்போதைக்கு ஒருத்திதாங்க. வரும்போது நாலு பேரா வரணும்” என்றார் கோதண்டபாணி. அந்த மனிதர் தலையசைத்தார். பிறகு அவர்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு, கயிற்றில் கால் படாமல் தாண்டி, அடுத்த நிலத்துக் கிணற்றுக்குப் போனார்கள்.